ரெண்டு கோர் வேண்டாம்

"ஒரு ஆளு ஓடுனா சீக்கிரம் போவானா, ரெண்டு பேரு நடந்தா சீக்கிரம் போவாங்களா? நீங்களே சொல்லுங்க தம்பி."

நூர் அகமது கண்ணாடி மேசையைத் தட்டித் தட்டிக் கேட்டார். அருள்மணிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

காரைக்காலில் கம்ப்யூட்டர் கடை வைத்த நாளிலிருந்து எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டான். ஒன்றும் தெரியாதவர்களால் தொல்லையே இல்லை. தெரியாமலே தெரிந்த மாதிரிப் பேசுகிறவர்கள்தான் உயிரை எடுப்பார்கள். அதிலும் சவுதியிலிருந்து லீவில் வந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

மேசைமேல் இரண்டு லேப்டாப். இரண்டும் ஒரே விலை. ஒன்றில் இரண்டு கோர், ஸ்பீடு ஒன்று புள்ளி ஆறு. மற்றதில் ஒரே கோர், ஸ்பீடு இரண்டு புள்ளி ஒன்று. நூர் அகமது அந்த இரண்டு புள்ளி ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அப்படி இல்ல பாய். கோர்னா அடுப்பு மாதிரி. ஒத்த அடுப்புல எவ்வளவு தீய வச்சாலும் ஒரு நேரத்துல ஒரு சட்டிதான். ரெண்டு அடுப்புன்னா சோறும் ஆகும், கொழம்பும் ஆகும். உங்க மக இன்ஜினியரிங் சேருது. நாலு புரோகிராம ஒண்ணாத் தொறந்து வைக்கும். படிப்பு முடியிறவரைக்கும் தாங்கணும்ல?"

"எங்க ஆபீஸ்ல அத்தன கம்ப்யூட்டரும் என் பொறுப்புலதான் தம்பி இருக்கு. எனக்கே பாடமா?"

கூட வந்திருந்த அவர் மனைவி ஆஸியா பீவி மெல்ல வாயைத் திறந்தார். "என்னங்க, அந்த ரெண்டு கோர்லதான் கேமரா இருக்காம்."

"ஆமா வாப்பா," என்றாள் மகள் அர்ஷியா. "உங்க ரூம் கம்ப்யூட்டர்லயும் ஒரு கேமரா மாட்டிட்டீங்கன்னா தெனமும் பாத்துப் பேசலாம்ல?"

"நீ படிக்கப் போறியா, படம் புடிக்கப் போறியா?" நூர் அகமது சள்ளென்று விழுந்தார். "பொம்பளைங்கள மெஷின் வாங்கக் கூட்டியாந்தா இதான். உள்ள என்ன இருக்குன்னு பாக்க மாட்டாங்க. மேல என்ன மினுக்குதுன்னு பாப்பாங்க."

அர்ஷியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அருள்மணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற மகளின் படிப்பைவிட இந்த ஆளுக்குத் தன் சவடால் பெரிதாகப் போய்விட்டதே! 'சென்ட் வாசத்துக்குக் கொறச்சல் இல்ல, மூளைதான் ஒத்தக் கோர்' என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே ஒரு கோர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். வாங்கிக்கொண்டு போய் அவதிப்படட்டும்.

"விண்டோஸ் ஏத்தணும். கொஞ்ச நேரம் ஆகும்."

தாயும் மகளும் எதிர்க்கடையில் காலேஜ் பை பார்க்கப் போனார்கள். அவர்கள் தெருவைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்த நூர் அகமது, நாற்காலியை மேசையை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார். இப்போது அவருடைய குரலே வேறாக இருந்தது.

"தம்பி, ரெண்டு கோர்தான் ஒசத்தின்னு எனக்கும் தெரியும். கோட்டுச்சேரியில நம்ம சொந்தக்காரப் பையன்ட்ட விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்."

அருள்மணி நிமிர்ந்தான். "அப்பறம் ஏன் பாய் வேணாங்கிறீங்க?"

"அந்தக் கேமராதான். அது இல்லாத மெஷினா வாங்கணும்னுதான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசுனேன். அங்க எனக்கு ரூமும் கெடயாது, கம்ப்யூட்டரும் கெடயாது. கிடங்குல லோடு ஏத்துற வேல. தகர ஷெட்டுல அடுக்குக் கட்டில்ல படுக்கை. வீட்டுல மேனேஜர்னு சொல்லி வச்சிருக்கேன். ரூமக் காட்டுங்கன்னு மவ கேட்டா எதக் காட்டுவேன்? அதப் பாத்துட்டா அவளுக்குப் படிப்புல மனசு நிக்குமா?"

அருள்மணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"ரெண்டு கோரே எடுத்துக்குங்க பாய்," என்றான். "கேமரா வேல செய்யாதமாரி நான் நிறுத்தி வச்சிடுறேன். பழுதுன்னு அவங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்."

நூர் அகமது அவன் கையைப் பிடித்து அழுத்தினார்.

பையோடு திரும்பி வந்த இருவரிடமும் அருள்மணி கூசாமல் பொய் சொன்னான். "பாய் மனசு மாறிட்டாங்கக்கா. ரெண்டு கோர்தான். ஆனா இதுல கேமரா மட்டும் பழுது."

அர்ஷியா லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அப்பாவும் மகளும் ஆட்டோ பிடிக்க வெளியே போனார்கள். ஆஸியா பீவி மட்டும் நகரவில்லை.

"தம்பி, கேமரா பழுதெல்லாம் இல்லதானே?"

அருள்மணி தேவையில்லாமல் மேசையைத் துடைத்தான்.

"கூடப்பொறந்த எங்க நானா சவுதி போனப்ப அந்தத் தகர ஷெட்டப் பாத்துட்டு வந்து அழுதாங்க. எனக்கு ரொம்ப நாளாவே தெரியும். எனக்குத் தெரியும்னு சொன்னா இவங்க ஒடஞ்சு போவாங்க, அதான் வாயத் தொறக்கல. லீவு முடிஞ்சு அவங்க கெளம்புனதும் இதக் கொண்டாந்து தர்றேன். கேமராவச் சரியாக்கிக் குடுத்துருங்க."

"ஷெட்டுலேர்ந்து பாய் எப்படிக்கா கேமராவுக்கு முன்னாடி வருவாங்க? மாட்டிக்குவாங்களே!"

ஆஸியா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கீங்க, இது தெரியலயா தம்பி? இந்தக் கேமரா எங்களத்தான காட்டும்? ஏதாச்சும் ஒரு பிரவுசிங் சென்டர்ல ஒக்காந்து அவங்க மவள அவங்க கண்ணாரப் பாத்துக்கட்டுமேன்னுதான் கேட்டேன்."