லோவெலின் ஓட்டு

"ஜேவானுக்கு என் ஓட்டு கிடையாது. முதல் இடம் என்ன, மூணாவது இடம்கூடக் கிடையாது" என்றார் லோவெல்.

மச்சினன் டுவெயினுக்குச் சோளரொட்டி தொண்டையில் சிக்கிக்கொண்டது.

"மச்சான், உங்களுக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? நாலு பேர் மேல விழுந்து தொங்கினாலும் அத்தனை பேரையும் இழுத்துக்கிட்டுல்ல ஓடறான்! சின்னப் புள்ளையைக் கேட்டாலும் ஹைஸ்மன் அவனுக்குத்தான்னு சொல்லும்."

"சின்னப் புள்ளைக்கு ஓட்டு இல்லையே. எனக்குத்தானே இருக்கு."

உண்மைதான். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அந்த ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரனுக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பைக்கு ஓட்டுப் போடும் பத்திரிகைக்காரர்களில் லோவெலும் ஒருவர். அந்த ஒரே ஒரு ஓட்டை வைத்துக்கொண்டு டிசம்பர் வந்தால் ஊருக்குள் அவர் பண்ணும் அலட்டல் தாங்காது.

மறுநாளைக்குள் ஓட்டு போய்ச் சேர வேண்டும். சர்ச்சிலிருந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையிலேயே மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டார்.

"அப்படி என்னதான் குத்தம் பண்ணிட்டான் அவன்?" என்றான் டுவெயின்.

"என்ன குத்தமா? பரம எதிரி அணியோட ஆட்டம். வருஷத்துக்கு ஒரு தடவை. அன்னைக்கு ஐயா ஆளையே காணோம்! பயிற்சியாளரைக் கேட்டா, 'சொந்தக் காரணம்'கிறார். பெரிய சொந்தக் காரணம்! படிப்பு முடிஞ்சதும் கோடிக்கணக்குல சம்பளம் தர்ற அணிக்கு ஆடப் போற உடம்பாச்சே, அடிபட்டுடக் கூடாதுன்னு ஒளிஞ்சிருப்பான். இல்லேன்னா எவளோடயாவது ஊர் சுத்தப் போயிருப்பான்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமாக்கும்! 'கூட்டாளிகளை நட்டாத்துல விட்டவன்'னு தலைப்புப் போட்டே எழுதினேன். ஊரே பாராட்டுச்சு."

"ஆமா, பாராட்டுச்சு. போட்டி ரொம்ப நெருக்கம்னு பேசிக்கிறாங்க. உங்க எழுத்தைப் படிச்சுட்டு இன்னும் எத்தனை பேர் அவன் பேரை அடிச்சாங்களோ! பாவம், அவங்க அம்மா அந்தக் கோப்பைக்காக எவ்வளவு ஏங்கிக்கிட்டு இருக்கோ."

"அதுக்கு நான் என்ன பண்றது? பையனை ஒழுங்கா வளர்த்திருக்கணும்."

லோவெலின் மனைவி கோரின், தட்டுகளை அடுக்கிய வேகத்தில் ஒன்று விளிம்பு உடைந்தது. "ரெண்டு பேரும் வேற ஏதாவது பேசுங்களேன்" என்றவள் தட்டுகளோடு உள்ளே போய்விட்டாள்.

"இவளுக்கு ஃபுட்பால்னாலே ஆகாது" என்று கண்ணடித்தார் லோவெல்.

சோபாவில் அவர்கள் மகன் வெஸ்லி படுத்திருந்தான். அவனும் அதே அணிதான். ஜேவானுக்கு முன்னால் ஓடி, வருகிறவர்களை மோதித் தள்ளி வழி திறந்து விடுகிறவன். பயிற்சியில் கழுத்தெலும்பு நொறுங்கி, அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது கழுத்துப்பட்டையோடு வீட்டில் கிடக்கிறான். இனிமேல் ஆடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"வெஸ்லி, நீயாவது சொல்லேண்டா. உன் கூட்டாளிதானே அவன்?"

"அது அப்பாவோட ஓட்டு மாமா. அதுல நான் வாயைத் திறக்கக் கூடாது."

லோவெலுக்குப் பூரிப்பு. "கேட்டியா? இதான் வளர்ப்பு! மகன் ஆடின அணியாச்சேன்னு நான் ஓட்டை அள்ளிக் கொடுத்துடறேனா? அந்தக் கோப்பை வெறும் திறமைக்கு இல்ல டுவெயின், நேர்மைக்கும் சேர்த்து. முப்பது வருஷமா அந்த ஆட்டத்தை நான் ஒரு தடவைகூட விட்டதில்ல. காய்ச்சலோட போயிருக்கேன், பனிப்புயல்ல போயிருக்கேன். கடமைன்னா அது!"

அடுப்படியில் குழாய்த் தண்ணீர் பெரிய சத்தத்தோடு கொட்டியது.

லோவெல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் இடத்துக்கு, ஜேவானோடு போட்டியில் இருந்த வேறொரு அணிக்காரன் கோல்பி ரென்னர். அடுத்த இரண்டுக்கும் வேறு ஊர்ப் பையன்கள். ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"முடிஞ்சுது. இனிமே அந்தக் கடவுளே இறங்கி வந்தாலும் மாத்த முடியாது."

"அனுப்பியாச்சாப்பா?" என்றான் வெஸ்லி.

"ஆச்சு."

"நல்லாப் பாருங்க. போயிடுச்சா?"

"போயிடுச்சுடா. ஏன்?"

வெஸ்லி கழுத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

"அப்ப இனிமே சொல்லலாம். ஜேவான் எங்கிட்டயும் அம்மாகிட்டயும் சத்தியம் வாங்கிட்டான். 'உங்கப்பா ஓட்டுப் போட்டு முடிக்கிற வரைக்கும் மூச்சு விடாதீங்க. கூட்டாளிக்காகச் சிபாரிசு பண்ணின மாதிரி ஆயிடும். அப்படி வர்ற ஓட்டு எனக்கு வேணாம்'னான்."

"என்னடா சொல்றே?"

"அந்த ஆட்டத்தன்னைக்கு எங்க போனான்னு கேட்டீங்களே. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான்."

"ஆஸ்பத்திரிக்கா? யாருக்கு என்ன?"

ஈரக்கையோடு கோரின் வாசற்படியில் வந்து நின்றாள்.

"உங்க மகனுக்கு ஆபரேஷன் நடந்ததும் அதே சனிக்கிழமைதானே, லோவெல்? 'ஆட்டம் முடிஞ்சதும் வந்துடறேன்'னு போனீங்க. அந்தப் பையனைத் திட்டி எழுதி முடிச்சுட்டு மறுநாள்தானே வந்தீங்க?"

"இல்ல கோரின்... டாக்டர்தான் பயப்பட ஒண்ணுமில்லேன்னு..."

டுவெயின் தலையைக் குனிந்துகொண்டான்.

வெஸ்லி அப்பாவைப் பார்த்துச் சொன்னான்:

"மயக்கம் தெளிஞ்சப்போ, கண்ணைக்கூடத் திறக்காம 'அப்பா'ன்னு கையை நீட்டினேன். பிடிச்சுக்கிட்டது ஜேவான்தான்."