நெஜ்லா பேரில் ஒரு பிரதி

"திருடி! பச்சைத் திருடி!"

ஹாத்தெம் மேஜையில் குத்திய குத்தில் நண்பன் கைஸின் காப்பி தளும்பிக் கொட்டியது.

"யாரைடா சொல்றே?"

"வேற யாரை? நெஜ்லாவைத்தான். இங்க வந்து பாரு."

திரையில் ஒரே ஒரு வரி. கோப்பு சேதமடைந்துவிட்டது, திறக்க இயலாது.

கைஸுக்கே பகீர் என்றது. ஆலிவ் மரத்து நோய்களைப் பற்றி நாலு வருஷமாக ஹாத்தெம் படித்த கட்டுரைகள், அவற்றின் ஓரத்தில் எழுதிய குறிப்புகள், ஆய்வேட்டில் எந்த வரி எந்தக் கட்டுரையிலிருந்து வந்தது என்ற விவரம் எல்லாமே அந்த ஒரு கோப்புக்குள்தான். கம்ப்யூட்டர் தொலைந்தாலும் பத்திரமாக இருக்கட்டும் என்று அதைக் கிளவுடில் போட்டு வைத்திருந்தான். தனியாக நகல் எதுவும் எடுக்கவில்லை. கிளவுடில் இருப்பதற்கு நகல் எதற்கு என்று நினைத்த மகராசன் அவன்.

வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஸ்ஃபாக்ஸ் பல்கலைக்கழகத்தில் காலியாக இருக்கும் விரிவுரையாளர் வேலையும் அதோடு போச்சு. அந்த வேலைக்கு அவனும் நெஜ்லாவும்தான் போட்டி. விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"அவளுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?"

"போன வருஷம் என் லேப்டாப் கெட்டப்ப அவளோடதைத்தானே வாங்கி எழுதினேன்? என் கிளவுட் இன்னும் அதுல திறந்தே கிடக்கு. இதைப் பாரு, பக்கத்துலயே இன்னொரு கோப்பு. 'நெஜ்லாவின் கணினி'ன்னு பேரே போட்டிருக்கு!"

கைஸ் குனிந்து பார்த்தான். "அடிப்பாவி! உன் உழைப்பைத் தன் பேர்ல பிரதி எடுத்துக்கிட்டு, உன்னோடதைக் கெடுத்து வச்சிருக்கா!"

"திறந்து பார்க்கட்டுமா?"

"பைத்தியமா உனக்கு? உள்ள என்ன வைரஸ் வச்சிருக்காளோ! மிச்சமிருக்கிற ஆய்வேடும் போயிடப் போகுது. அழிச்சுத் தொலை. உனக்கு இல்லாதது அவளுக்கு மட்டும் எதுக்கு?"

அந்தக் கடைசி வார்த்தை ஹாத்தெமுக்குப் பிடித்துப்போனது. அழித்தான். கிளவுடின் குப்பைத் தொட்டிக்கும் போய், இனி யாரும் திருப்பி எடுக்க முடியாதபடி துடைத்தான்.

"இங்க அழிச்சா அவ லேப்டாப்லயும் போயிடும்ல?"

"போயிடும். அதுக்குத்தானேடா கிளவுட்!"

ஒரு நிமிஷம் வயிறு குளிர்ந்தது. அப்புறம் செத்துப்போன தன் கோப்பைப் பார்த்தான். அம்மாவிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? விறுவிறுவென்று படியிறங்கினான்.

கேண்டீனில் நெஜ்லா தனியாக உட்கார்ந்து ரொட்டியை ஹரிஸா மிளகாய் விழுதில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சந்தோஷமா உனக்கு? நல்லா சாப்பிடு! ஒருத்தன் வயித்துல அடிச்சாச்சு, இனி நிம்மதியா சாப்பிடலாம்!"

கேண்டீனே திரும்பிப் பார்த்தது.

"என்ன ஹாத்தெம்? என்ன ஆச்சு?"

"நடிக்காத! என் கோப்பு கெட்டுக் கிடக்கு. அதை நீ திறந்தியா இல்லையா? அதை மட்டும் சொல்லு!"

அவள் தலை குனிந்துகொண்டாள். "திறந்தேன்."

"கேட்டீங்களா எல்லாரும்? அவளே ஒத்துக்கிட்டா!"

"கொஞ்சம் மெதுவா பேசேன்..." அவள் குரல் இறங்கிப் போயிருந்தது. "உன் ஆய்வேட்டைப் பார்க்கப் போற ஸுஹைர் சாரைப் பத்தி உனக்குத் தெரியாது. மேற்கோள்ல பக்க எண் இல்லைன்னா உள்ளேயே படிக்க மாட்டாரு, திருப்பி அனுப்பிடுவாரு. எனக்கு அப்படித்தான் ஒரு வருஷம் போச்சு. உன்னோடதுல பாதிக்குப் பக்க எண்ணே இல்ல."

"அதனால?"

"சொன்னா நீ கேட்பியா? என் மூஞ்சியையே பார்க்க மாட்டேங்கிறே. அதான் நானே ஒவ்வொரு கட்டுரையா எடுத்துப் பார்த்துப் போட்டுக்கிட்டு வந்தேன். நீ தூங்கி எழறதுக்கு முன்னாடி விடிகாலையில திறந்து மூடிடுவேன். நேத்து நீ மூடாமலே விட்டுட்டே போல. ரெண்டு இடத்துல ஒரே நேரத்துல திறந்தா அது கெட்டுப்போகும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கவனிக்காம விட்டேன், தப்புதான்."

ஹாத்தெமின் குரலும் இறங்கியது.

"நாம ரெண்டு பேரும்... ஒரே வேலைக்கு..."

"இருந்தா என்ன? ஜெயிச்சா உன்னோட நேரா நின்னு ஜெயிக்கணும். நாலு வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்டிருக்கோமே." கையைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்தாள். "ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? உன்னோடது கெட்டா என்ன? இந்த மாதிரி ரெண்டு பிரதி மோதிக்கிட்டா கிளவுட் என்னோடதைத் தனியா என் பேர்ல வச்சுடும். அது முழுசா இருக்கு. இன்னிக்குக் காலையிலதான் கடைசிப் பக்க எண்ணையும் போட்டு முடிச்சேன். உட்காரு, காட்டுறேன்."

அவன் உட்காரவில்லை.

நெஜ்லா கிளவுடைத் திறந்தாள். மேலே தேடினாள், கீழே தேடினாள். குப்பைத் தொட்டியையும் திறந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிற குரலில் சொன்னாள்:

"ஐயோ ஹாத்தெம், துடைச்சு எடுத்திருக்காங்களே! உன் மேல இவ்வளவு வன்மம் யாருக்குப்பா?"