வாய்க்குப் பூட்டு

"மன்னிச்சிருங்க ஃபாதர்! பிரேக்குன்னு நெனச்சு மிதிச்சேன், அது வேறயா போச்சு!"

நார்பர்ட்டின் பிக்கப் வண்டி, தியான இல்லத்து வாசலில் நின்ற அறிவிப்புப் பலகையைச் சேற்றில் குப்புறத் தள்ளியிருந்தது. ஃபாதர் கிளெமென்ட் உதட்டில் விரலை வைத்தார்.

"புதுசா ஒரு பலகை செஞ்சு..." நார்பர்ட்டின் குரல் கரகரத்து நின்றது. மினசோட்டா மாட்டுச் சந்தைகளில் ஏலம் கூவியே தேய்ந்த தொண்டை. 'மூன்று நாள் வாயைத் திறக்காதே, இல்லாவிட்டால் குரலே போய்விடும்' என்ற டாக்டரிடமே அரை மணி நேரம் வாதாடியவர் அவர். அடுத்த வாரம் சனிக்கிழமை வருடத்தின் பெரிய ஏலம். குரல் இல்லையென்றால் பிழைப்பு இல்லை.

மனைவி டெலோரிஸ் இறங்கி வந்து, சரியாக அந்தப் பலகைமேலேயே ஏறி நின்றுகொண்டாள்.

"ஏங்க, வழியெல்லாம் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? இது மௌன தியானம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் மூச்! பேசினா கடவுளுக்கே அடுக்காது."

சாப்பாட்டு மேசையில் முப்பது பேர். "உப்பு..." என்று நார்பர்ட் ஆரம்பித்ததும் முப்பது விரல்கள் முப்பது உதடுகளுக்குப் போயின. மூலையில் சாய்த்திருந்த கிட்டார்கள்கூட மூச்சு விடவில்லை. பேசாமல் சூப் குடிப்பதைவிட மீன்களோடு இருப்பது மேல் என்று, துடுப்புப் படகில் ஏறி, இல்லத்தை ஒட்டியிருந்த ஏரிக்குள் போய்விட்டார். அதையே வழக்கமாக்கிக்கொண்டார்.

அங்கேதான் அது நடந்தது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து பாட்டு! ஆணும் பெண்ணுமாய்ப் பல குரல்கள், தேன் போல. வானத்துத் தேவதூதர்கள், சம்மனசுகளேதான். நார்பர்ட் தொப்பியைக் கழற்றினார். கண் நிறைந்துவிட்டது. படகைக் கரைக்குத் திருப்பியதும் பாட்டு நின்றுபோயிற்று.

ஞாயிறன்று வண்டி வாசலைத் தாண்டியதும் வாயைத் திறந்தார். குரல் மணிபோல் வந்தது.

"டெலோரிஸ், சிரிக்காதே. ஏரியில சம்மனசுங்க பாடினதை என் காதால கேட்டேன். பேசாம இருந்ததுக்குக் கடவுள் குடுத்த பரிசு. நெசமா சொல்லு, உனக்கும் கேட்டுச்சா?"

"கேக்காம என்ன? ரெண்டாவது வரிசையில நின்னு நானும்தானே பாடினேன்! அது பாட்டுத் தியானங்க, நீங்க இடிச்சுத் தள்ளின பலகையிலயே எழுதியிருந்துச்சு. நான் முன்னாடியே சொல்லி வச்சதால, உங்க தொண்டைக்காகத்தான் பாவம், அத்தனை பேரும் நீங்க படகேறுற வரைக்கும் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தாங்க."