ஒன்றரை அடி தள்ளி

"லைட்டு என்னத்தடி செய்யும்? பொட்டுத் தண்ணி குடிக்காமக் கெடந்தா அந்த லைட்டு என்னத்தச் செய்யும்?"

"கத்தாதக்கா. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். கஞ்சிக்குக்கூட தண்ணி ஊத்தாம வழிச்சுத் திங்கிறவ இந்த ஊருல நீ ஒருத்திதான்டி."

நேற்று சாயங்காலம் கதவுக்கு வெளியே நின்று இதைக் கேட்டேன். கையில் பேப்பரில் சுற்றிய புது பல்பு. தேனியில் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கியது.

உள்ளே சத்தம் போட்டது செல்வமணி மதினி. என் மனைவி பவானியின் அக்கா. பழனிசெட்டிபட்டியில் இருந்து தங்கச்சியைப் பார்க்க வந்திருந்தார்.

பவானிக்கு ஒன்றரை வருடமாக அடிவயிற்றில் வலி.

ஒன்றுக்குப் போனால் எரிச்சல். போகாவிட்டால் குத்தல். மாத்திரை சாப்பிடும் வரை அடங்கியிருக்கும், முடிந்ததும் திரும்பி வந்துவிடும். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, மூத்திரப்பை புண்ணாகிக் கிடக்கிறது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றார். வலி தணிய வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி சிவப்பு லைட் ஒன்றும் எழுதிக் கொடுத்தார்.

வயிற்றில் இருந்து ஒன்றரை அடி தள்ளி வைக்க வேண்டும். பதினைந்து நிமிடம்.

லைட் போடுவது என் வேலை. மகள் கயலின் ஸ்கேலை வைத்து ஒன்றரை அடி அளப்பேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். கரண்ட் போகிற நேரம் தெரியும், அதற்கு முன்னாலேயே முடித்துவிடுவேன். ஒரு நாள் தவறியதில்லை.

சூடு பட்டதும் அவள் முகம் தெளியும். மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து படுக்கும்போது பழையபடி சுருங்கியிருக்கும்.

பல்புதான் சரியில்லை என்று நினைத்தேன். முந்தாநாள் அது ஃபியூஸ் போனபோது எனக்கு சந்தோஷம்கூட வந்தது. புதுசு மாட்டினால் சரியாகிவிடும் என்று.

உள்ளே பவானியின் குரல் இறங்கியிருந்தது.

"ரெண்டு மணி நேரம் ஜீப்புல அடக்கிக்கிட்டுப் போறதுக்குக் குடிக்காமயே இருந்துறலாம்க்கா. தோட்டத்துக்குப் போயிட்டா ஏலச்செடி மறைவு இருக்கு, அங்கன போயிக்கிடலாம். போறப்பவும் வாரப்பவுந்தான் உசுரு போகுது."

"நிப்பாட்டச் சொல்றதுக்கு வாயி இல்லையா ஒனக்கு?"

"ஒருக்கா சொன்னேன்."

"என்ன சொன்னாக?"

"ஒருத்திக்கு நிப்பாட்டுனா பதினாலு பேருக்கும் நிப்பாட்டணும், பிந்திப் போனா கங்காணி அரை நாள் கூலின்னு எழுதிருவாருன்னாக. எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாக. அன்னையில இருந்து ஒருத்தியும் வாயத் தொறக்கல."

"ஓட்டுறது மனுசன்தானடி?"

"அதான்க்கா திருப்பிச் சொல்ல முடியல."



நான் செருப்பைத் தேய்த்துச் சத்தம் காட்டிவிட்டு உள்ளே போனேன். இரண்டு பேரும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

"பல்பு கெடைச்சிருச்சா?" என்றாள் பவானி.

மாட்டினேன். ஸ்கேலை எடுத்து அளந்தேன். சேலைக்கு மேல் சிவப்பு விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். நேற்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மதினிதான், போதும் அணைங்க என்றார்.

ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

"வேணாம். காலையில வேலைக்குப் போகணும்ல" என்று தள்ளி வைத்தாள்.

இன்று காலை நாலரைக்கு எப்போதும் போல நானும் பவானியும் சேர்ந்துதான் கிளம்பினோம்.

கம்பம் ஊரைத் தாண்டி ஜீப் மலை ஏறும்போது இன்னும் விடியவில்லை. பின்னால் பெண்கள் பதினாலு பேர். ஒருத்தி மடியில் இன்னொருத்தியின் தூக்குச்சட்டி. முன்னால் மருந்து அடிக்கப் போகிற ஆட்கள் மூன்று பேர்.

பவானி வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆறு வருடமாக அதே இடம். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால். அளந்தால் ஒன்றரை அடி இருக்கும்.

மூன்றாவது வளைவு தாண்டியதும் புதர் அடர்ந்த ஓர் இடம் உண்டு. அங்கே பிரேக்கை மிதித்தேன். இன்ஜினை அணைத்தேன்.

யாரும் இறங்கவில்லை.

"என்னண்ணே, பஞ்சரா?" என்றாள் கருத்தம்மாள்.

முன்னால் இருந்த ராஜபாண்டி இறங்கிப் போய் நாலு டயரையும் உதைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்றான்.

எதற்கு நிறுத்தினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மற்ற பெண்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கண்ணாடியில் பவானியைப் பார்த்தேன். தூக்குச்சட்டியை அடிவயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை.

அவளும் இறங்கவில்லை.

ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

நாளைக்கும் அதே இடத்தில் நிறுத்துவேன். வேலைக்கு ஜீப்பில் போகிற பெண்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குப் பதில் எழுதுங்கள். டிரைவர் என்ன சொன்னால் நீங்கள் இறங்குவீர்கள்? முன்னால் இருக்கிற ஆம்பளைகளை நான் என்ன செய்ய வேண்டும்? கூச்சப்படாமல் இரண்டு வரி எழுதுங்கள் தாயீ. அப்படியே சொல்கிறேன்.