பாம்புக் காது

"உளுந்து ரெண்டு கிலோ. பெருங்காயம் ஒரு டப்பா."

அலமாரிக்குள்ளிருந்து அவன் மனைவி பூங்கோதையின் குரல் வந்தது.

துணிகளை எடுத்துவிட்டு உட்புறம் மெத்தை அடித்த அலமாரி. அதற்குள் மைக்கும் ஒரு ஹெட்போனும். யார் பாட வந்தாலும் அவர்களுக்கு முன்னால் பூங்கோதை அங்கே நின்று மளிகைச் சீட்டைப் படிக்க வேண்டும். இந்த வீட்டு ஸ்டுடியோவின் பிள்ளையார் சுழி அது.

"டிக்குங்குது. நடுவுல நடுவுல," என்றாள்.

அவன் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்தினான்.

உளுந்து கேட்டது. பெருங்காயம் கேட்டது. டிக் கேட்கவில்லை.

மணி பத்து நாற்பது. பதினொன்றுக்குப் பாடகி வருகிறாள். இன்றைய பாட்டு சுத்தமாக வந்தால் படம் முழுக்க இங்கேதான் என்று இசையமைப்பாளர் சொல்லியிருந்தார். போன வாரப் பாட்டைத் திருப்பி அனுப்பியவரும் அவர்தான். 'டிக் டிக் என்கிறது, உன் காதில் விழவில்லையா?'

விழவில்லை.

கேபிள் கோளாறு என்று சமாளித்தான். வீட்டிலும் அதையே சொன்னான். புதுக் கேபிளும் வாங்கிவிட்டான்.

"இப்ப?"

"இருக்கே."

திரையில் அலையைப் பெரிதாக்கினான். நடுவே ஊசி முனையளவு ஒரு கோடு. நான்கு விநாடி தள்ளி இன்னொன்று.

கண்ணுக்குத் தெரிந்தது.

இருபத்திரண்டு வருஷமாக ஒலிப்பதிவில் சோறு போட்ட காது. கோடம்பாக்கத்தில் பாம்புக் காது என்று பேர் வாங்கிய காது.

மேஜையில் இரண்டு பெட்டிகள். ஒன்று மைக்கின் குரலை எண்களாக்கும். மற்றது அதை வாங்கிக் கணினிக்குக் கொடுக்கும். இரண்டிலும் தனித்தனிக் கடிகாரம். ஏதாவது ஒன்று மற்றதன் கடிகாரத்துக்கு ஓட வேண்டும். இரண்டும் தத்தம் பாட்டுக்கு ஓடினால் அவ்வப்போது கால் இடறும். அந்த இடறல்தான் டிக்.

இரண்டாவது பெட்டியைப் போன வாரம் வாங்கி மாட்டியபோது அந்தக் கடிகார அமைப்பை மாற்ற மறந்திருந்தான். தொழிலுக்கு வந்த முதல் மாதம் செய்கிற தப்பு. காதில் விழுந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மாற்றினான். பெட்டியில் துடித்துக்கொண்டிருந்த பச்சை விளக்கு நிலைத்து எரிந்தது; இரண்டுக்கும் இனி ஒரே கடிகாரம்.

"இப்ப படி."

"கடுகு கால் கிலோ. சீரகம்..."

நிறுத்தினாள்.



"இன்னும் இருக்குங்க."

அவன் விளக்கைப் பார்த்தான். நிலையாகத்தான் எரிந்தது. ஆனால் அவளுக்குக் கேட்கிறதே.

"ஆமா," என்றான். "எனக்கும் கேக்குது."

கேபிளைப் பிடுங்கக் குனிந்தான்.

அலமாரிக் கதவு திறந்தது. அவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"இல்லைங்க. அந்த டிக் நீங்க மாத்துனப்பவே போயிடுச்சு."

அவன் நிமிரவில்லை. கேட்டுவிடப்போகிறாள் என்று பயந்தான். எத்தனை மாதமாக, ஏன் சொல்லவில்லை, இனி என்ன செய்வது.

வாசல் மணி அடித்தது.

அவள் சமையலறையிலிருந்து ஸ்டூலை இழுத்துவந்து அவன் நாற்காலியோடு ஒட்டிப் போட்டாள். இன்னொரு ஹெட்போனை எடுத்துச் சொருகினாள்.

"ஏதாவது விழுந்தா முழங்காலத் தட்டுறேன்," என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கப் போனாள்.

பாடகி அலமாரிக்குள் நின்று கதவைச் சாத்திக்கொண்டாள். பல்லவி நன்றாக வந்தது. அனுபல்லவியும். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கவனமெல்லாம் முழங்காலில் இருந்தது.

சரணத்தில் ஒரு தட்டு விழுந்தது.

பூங்கோதை தன் வளையலைத் தொட்டுக் காட்டினாள்.

அவன் பாட்டை நிறுத்தினான். உள்ளே கேட்கும்படி மேஜை மைக்கில் பேசினான்.

"கை வளையலைக் கழட்டிடும்மா. உரசுது."

உள்ளே சிரிப்பு.

"சார், உங்களுக்குப் பாம்புக் காதுன்னு எல்லாரும் சொல்வாங்க. நெசந்தான் சார்!"

பக்கத்து ஸ்டூலைத் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.