அளக்காமல் ஒரு நிரூபணம்

பாடம் பாதியில் இருக்கும்போது, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதிகாரி கையைத் தூக்கினார்.

ஸ்கேல் இல்லாமல், பாகைமானி இல்லாமல், ஒரு சின்ன முக்கோணமும் ஒரு பெரிய முக்கோணமும் வடிவொத்தவை என்று யாராவது காட்ட முடியுமா என்று கேட்டார்.

பத்தாம் வகுப்பு மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது.

கணக்கு டீச்சர் முத்துமாரி முன்வரிசையைப் பார்த்தாள். பாடம் நடத்துவதைப் பார்க்க விருதுநகரிலிருந்து ஆள் வருகிறார் என்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள். ஒரு உருவத்தைப் புரட்டலாம், சுழற்றலாம், நகர்த்தலாம், ஒரே விகிதத்தில் பெரிதாக்கலாம், என்ன செய்தாலும் கோணம் மாறாது என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள். முன்வரிசையில் தயாராக உட்காரவைத்திருந்த அழகுமீனாவுக்குத் தேற்றமெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் வெறும் கையால் காட்டச் சொன்னால் அவளும் என்ன செய்வாள்?

எழுந்தது செல்வலட்சுமி. அதிகாரிக்குப் பக்கத்தில் இருந்தவள். வருகைப்பதிவுக்கு ‘உள்ளேன்’ சொல்வதைத் தவிர அவள் குரலை வகுப்பு கேட்டதில்லை.

நோட்டின் நடுத்தாளை உருவினாள். இரண்டு விரல் அகலத்தில் ஒரு பட்டை கிழித்தாள். நாலு விரல் அகலத்தில் இன்னொன்று.

பிறகு மடிக்க ஆரம்பித்தாள்.

பட்டையின் முனையைச் சாய்த்து ஒரு மடி, நிமிர்த்தி ஒரு மடி, மறுபடி சாய்த்து ஒரு மடி. அவள் கண் கரும்பலகையில் இருந்தது. விரல்கள் தம் பாட்டுக்கு ஓடின. மூச்சு விடும் நேரத்தில் மேசை மேல் இரண்டு முக்கோணங்கள் கிடந்தன, ஓரம் பிசகாமல், கல் மாதிரி இறுகி.

முதல் மடிப்பிலேயே முத்துமாரிக்குத் தெரிந்துவிட்டது.

அது ஓலைவெடி மடிப்பு, உள்ளே வெடிமருந்து வைத்து முக்கோணமாக மடிப்பது. பனையோலை போய்க் காகிதம் வந்த பிறகும் மடிப்பு மாறவில்லை. லைசென்ஸ் இல்லாமல் வீட்டுக்குள் வைத்து வெடி மடித்தால் ஜெயில். பிள்ளைகளை உட்காரவைத்து மடித்தால் அதற்குத் தனிக் கேஸ். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அது தெரியும். அதனால்தான் ஒருத்தரும் அசையவில்லை.

அதிகாரிக்குத் தெரியக் கூடாது என்று முத்துமாரி வேண்டிக்கொண்டாள்.

செல்வலட்சுமி சின்ன முக்கோணத்தைப் புரட்டினாள். சுழற்றினாள். நகர்த்திக்கொண்டுபோய்ப் பெரியதன் ஒரு மூலையில் வைத்தாள். அதன் இரண்டு பக்கங்களும் பெரியதன் இரண்டு பக்கங்கள் மேல் ஒட்டிப் படுத்தன.

“இந்த மூலைய அசையாம வச்சுக்கிட்டு, சின்னத ரெண்டு மடங்கு பெருசாக்குனா போதும் சார். அப்புறம் அதும் இதும் ஒண்ணுதான்.”

அதிகாரி கைதட்டினார். மனசாரத்தான் தட்டினார்.

சின்ன முக்கோணத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு மூலையில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. திரி சொருக விடுகிற ஓட்டை. பழக்கதோஷத்தில் அதையும் விட்டே மடித்திருந்தாள்.

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று அன்பாகக் கேட்டார்.

செல்வலட்சுமி தலையைத் தூக்கி முத்துமாரியை நேராகப் பார்த்தாள்.

“டீச்சர்தான் சார்.”

அதிகாரி இந்தப் பக்கம் திரும்பினார்.

ஆமாம் என்று ஒரு சொல் போதும். பாடத்துக்காகக் காகிதம் மடிக்கப் பழக்கினேன் என்றால் முடிந்தது. ஆனால் அந்த ஓட்டை எதற்கு என்று அடுத்துக் கேட்பார். ஒரு டீச்சருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்பார்.

இல்லை என்றாள் முத்துமாரி. தான் சொல்லிக் கொடுக்கவில்லை என்றாள்.

அவர் வற்புறுத்தவில்லை. பிள்ளையின் பெயரையும் வீட்டையும் மட்டும் கேட்டார். அம்மா பேர் அய்யம்மாள், திருத்தங்கல் காலனி, தண்ணித் தொட்டிக்குப் பின்னால் மூன்றாவது வீடு என்று முத்துமாரிதான் சொன்னாள். பதிவேட்டைத் திறக்காமலே சொன்னாள். அவர் எழுதிக்கொண்டு, முக்கோணத்தைச் சட்டைப்பையில் போட்டு, செல்வலட்சுமியிடம் நன்றாகப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். போகும்போதே யாருக்கோ போன் செய்தார்.

செல்வலட்சுமி நின்றுகொண்டே இருந்தாள்.

அவள் காட்டியதைப் படமாகப் போட்டு எல்லோரும் எழுதுங்கள் என்று வகுப்புக்குச் சொல்லிவிட்டு, முத்துமாரி வராந்தாவின் கோடிக்குப் போய்த் தன் கணவனைக் கூப்பிட்டாள். ராஜபாண்டியன் உடனே எடுத்தார்.

“இன்னைக்கு அய்யம்மா வீட்டுக்கு லோடு எடுக்கப் போயிராதீக.”

அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மருந்தும் காகிதமும் அந்த வீட்டில் மூட்டையாகக் கிடக்கிறதே, எடுத்து ஒளிக்கச் சொல்லி அந்தப் பொம்பளைக்கு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார்.

முத்துமாரி கொஞ்சம் யோசித்தாள். ஜன்னல் வழியாக வகுப்பு தெரிந்தது. எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

வேண்டாம் என்றாள். வீடு சுத்தமாக இருந்தால், யார் முந்திக்கொண்டு சொன்னது என்று தேடுவார்கள்.

பிறகு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். சரக்குக் கொடுப்பது யார் என்று போலீஸ் அடித்துக் கேட்டால், அய்யம்மாள் நம் பெயரைச் சொல்லிவிட மாட்டாளா?

“சொல்ல மாட்டா,” என்றாள் முத்துமாரி. “மக எங்கிட்டதான படிக்குறா.”