கருப்பட்டி சவர்

“முப்பத்தேழு ரூபா எட்டணா. மூணு பாட்டிலுக்கு. ஒனக்கு ரெண்டு மாசச் சம்பளம் இல்லன்னு வச்சுக்கலே.”

வெள்ளைக்காரர் கிளப்பின் தலைமை பட்லர் வன்னியபெருமாள் நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னார். கவிழ்ந்த விஸ்கிப் பெட்டியின் பக்கத்தில் எஸ்றா நின்றான். தரையெல்லாம் கண்ணாடியும், பாட்டிலுக்கு அணைப்பாக வைத்திருந்த வைக்கோலும் கிடந்தன.

“கயிறு இத்துப் போயிருந்துச்சு அண்ணாச்சி. தோணியில இருந்து எறக்கும்போதே சொன்னேன்.”

“வாய மூடு. கடனும் ஒனக்கு, குப்பையும் ஒனக்கு. என் கண்ணுல படாம அள்ளிட்டுப் போ.”

தப்பிய ஒன்பது பாட்டிலையும் ஸ்டோரில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பானம் கலக்கும் எஸ்றாவின் வேலையைத் தன் மச்சினனுக்கு வாங்கித்தர அவர் ஒரு வருஷமாகக் காத்திருக்கிறார்.

அன்று சாயங்காலமே அதற்கு வழி பிறந்தது. கப்பல் கேப்டன் ஒருவரை விருந்துக்கு அழைத்து வந்த செயலாளர் துரை, விஸ்கி சவர் என்ற புளிப்புக் கலவை இரண்டு கேட்டார். எலுமிச்சையும் சீனியும் போட்ட பழைய ருசி அலுத்துவிட்டதாம். புதிதாக ஏதாவது செய்யச் சொன்னார்.

எஸ்றா வன்னியபெருமாளிடம் பாட்டில் கேட்டான்.

“போட்டு ஒடைக்கிறவன் கையில பாட்டில் கெடையாது. துரைக்கு நீயே பதில் சொல்லிக்க. நாளைக்கு இங்கன ஒனக்கு வேலை இருக்கான்னு பாப்போம்.”

சண்டைக்காலம், சீனிக்கு ரேஷன். எஸ்றா உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிக் கரைத்தான். எலுமிச்சை பிழிந்தான். சுக்குப்பொடி ஒரு சிட்டிகை போட்டான். பின்கட்டுக்குப் போய் ஒரு செம்போடு திரும்பி, அதையும் ஊற்றினான். பிறகு வெள்ளைத் துணியை நாலாக மடித்து, எல்லாவற்றையும் மூன்று முறை வடிகட்டினான்.

“பானகத்துக்கு மூணு வடிகட்டாலே?” என்று வன்னியபெருமாள் சிரித்தார்.

“ஒரு துரும்பு இருக்கப்படாது, அண்ணாச்சி.”

தட்டை எஸ்றா கொண்டுபோனபோது அவரும் பின்னாலேயே போனார்.

“துரை, குடிக்காதீங்க! இதுல விஸ்கியே இல்ல. வெறும் கருப்பட்டித் தண்ணி. இவன் ஒங்கள ஏமாத்துதான்.”

துரை ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

“வன்னியபெருமாள், உன் நாக்கு செத்துப்போச்சா? இது நல்ல ஸ்காட்ச்.”

கேப்டன் காலி கிளாஸை நீட்டி இன்னொன்று கேட்டார். துரைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“எஸ்றா, என்ன வேணும்? கேள்.”

“காலையில என் பேர்ல எழுதின முப்பத்தேழு ரூபா எட்டணாவ அடிச்சிருங்க துரை.”

துரை நோட்டை வாங்கினார். சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

பின்கட்டில் வன்னியபெருமாள் எஸ்றாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

“சாவி என் இடுப்புல இருக்கு. ஒன்பது பாட்டிலும் எண்ணிப் பாத்தாச்சு. எங்கன திருடுனலே?”

எஸ்றா அவர் கையை மெதுவாக விலக்கினான்.

“நீங்க அள்ளிட்டுப் போகச் சொன்ன வைக்கோலப் பிழிஞ்சேன், அண்ணாச்சி.”